தகட்டில் களிம்பு இல்லை

(வட்டார மகளிர் கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுவில் முன்னாள் ஊக்குநர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு பற்றியோ, கணக்குப் புத்தகம் எழுதுவது பற்றியோ பேசச் சொல்வார்கள் என்று நினைத்துத்தான் வந்தேன். தலைவி போன் பண்ணி, “அக்கா, இந்தத் தடவை செய்வினையைப் பத்திப் பேசுங்க” என்றார். ஏம்மா என்று கேட்டேன். “மருத்துவச் செலவுன்னு எழுதி வாங்கின உள்கடன்ல சிலது ஆஸ்பத்திரிக்கே போகலக்கா. தகடு எடுக்கப் போயிருக்கு” என்றார்.

உங்களில் சிலருக்குச் சிரிப்பு வருகிறது. எனக்கு வரவில்லை. ஏன்னா, எங்க குழுவில் அப்படிப் பொய்க் காரணம் எழுதிக் கடன் வாங்கின முதல் ஆளு நான்தான். அந்தக் கதையைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். அதற்கு முன்னால் ஒரு விஷயத்தைப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன்.

நம்ம வீடுகளில் பிள்ளைக்குக் கன்னத்தில் கறுப்புப் பொட்டு வைக்கிறோம். வெளியூர் போய் வந்தால் உப்பு, மிளகாய் சுற்றி அடுப்பில் போடுகிறோம். வாசலில் எலுமிச்சம்பழமும் பச்சைமிளகாயும் கோர்த்துக் கட்டுகிறோம். நிலைப்படியில் குதிரை லாடம் அடிக்கிறோம். கல்யாணம் முடிந்து வரும் பொண்ணு மாப்பிள்ளைக்கு ஆரத்தி எடுக்கிறோம். இதையெல்லாம் விடுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. என் பேரனுக்கு நானே சுற்றிப் போடுகிறேன். பூசணிக்காயை நடுரோட்டில் உடைக்காமல் ஓரமாக உடைத்து, தோலை அள்ளிப் போட்டுவிடுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். வண்டி வழுக்கி விழுகிறவரும் யாரோ ஒரு அம்மா பெத்த பிள்ளைதானே.

இதில் ஆகிற செலவு பத்து ரூபாயோ இருபது ரூபாயோ. யார் பேரும் இதில் வராது. ஆனால் செய்வினை, ஏவல், பில்லி, சூனியம், மருந்து வைத்துவிட்டார்கள் என்று ஒருவர் சொல்ல ஆரம்பித்தால் இரண்டு காரியம் நடக்கும். ஒன்று, காசு கேட்பார். இரண்டு, ஒரு ஆளைக் காட்டுவார். நான் பேசப் போவது இந்த இரண்டைப் பற்றித்தான். சாமியைப் பற்றி இல்லை.

இனி என் கதை. 2003ஆம் வருஷம். எங்க வீட்டுக்காரருக்குச் சாயங்காலம் ஆனா காய்ச்சல், ராத்திரி பூரா இருமல். ஆளு துரும்பா இளைச்சுப் போனார். அதே நேரத்தில் கறவை மாடு செத்த கன்னு போட்டது. பையன் சைக்கிளில் இருந்து விழுந்து கை ஒடிந்தது. எல்லாம் நாலு மாசத்துக்குள்ளே. ஒன்றுக்குப் பின்னால் ஒன்று வந்தால் மனசு என்ன நினைக்கும்? யாரோ என்னவோ பண்ணிட்டாங்கன்னுதானே நினைக்கும்.

பக்கத்து ஊரில் ஒருவரிடம் போனேன். உட்கார்ந்த உடனே சொன்னார். “உன் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கா. பொம்பள. புருஷன் இல்லாதவ. உன்கிட்ட சிரிச்சுப் பேசுவா. கொஞ்ச நாளைக்கு முன்னால உங்களுக்குள்ள ஒரு மனஸ்தாபம் வந்துச்சு.” எனக்கு உடம்பெல்லாம் நடுங்கிவிட்டது. அப்படியே எங்க பக்கத்து வீட்டு மதினியைச் சொன்னது போல இருந்தது. மதினி எங்க குழுவில் உறுப்பினர். வாய்க்கால் தண்ணி விஷயத்தில் இரண்டு பேருக்கும் வாய்ச்சண்டை வந்திருந்தது உண்மை.

இப்ப யோசித்துப் பாருங்கள். எந்தத் தெருவில் கணவனை இழந்த பெண் இல்லை? எந்த இரண்டு வீட்டுக்கு நடுவில் சண்டை வரவில்லை? அவர் பேரே சொல்லவில்லை. பேரை வைத்தது நான்.

எடுக்கிறதுக்கு 7,500 ரூபாய் கேட்டார். குழுவில் ‘மாடு வாங்க’ என்று எழுதி 5,000 ரூபாய் உள்கடன் வாங்கினேன். தோட்டை அடகு வைத்து 2,500. அப்போது எங்க ஊரில் களை எடுத்தால் ஒரு நாளைக்கு 40 ரூபாய் கூலி. கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள், 187 நாள் கூலிக்கு மேலே. ஆறு மாசம் வெயிலில் குனிந்த காசு.

அமாவாசை ராத்திரி அவர் வந்தார். கூட இரண்டு பேர். எலுமிச்சம்பழத்தை வெட்டினார், சிவப்பாக ஒழுகியது. ரத்தம் என்றார். அப்புறம் தண்ணிக் குழாய் பக்கத்தில் தோண்டச் சொன்னார். அவரே கையை விட்டுத் துழாவி, ஒரு துணிப் பொம்மையையும் செப்புத் தகட்டையும் எடுத்தார். “ஏழு வருஷமா இங்க கிடக்கு” என்றார். நான் கும்பிட்டு விழுந்தேன்.

அப்போது என் மகள் எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலையில் என்னிடம் கேட்டாள். “அம்மா, நம்ம செப்புக் குடத்தை ஒரு மாசம் விளக்காம வச்சாலே கறுத்துப் போகுது. ஏழு வருஷம் மண்ணுக்குள்ள ஈரத்துல கிடந்த தகட்டுல ஏன் களிம்பே இல்ல?”

நான் அவளை அடிச்சிட்டேன். அதுதான் நான் சொன்ன பதில்.

சகோதரிகளே, புளி போட்டுச் செம்பு விளக்குகிற கை நம்ம கை. செம்பு எப்படிக் களிம்பு பிடிக்கும் என்று நமக்குப் பாடம் நடத்த ஆள் வேண்டாம். ஆனாலும் அன்றைக்கு எனக்கு அது தெரியவில்லை. பயம் வந்துவிட்டால் தெரிந்ததும் மறந்துபோகிறது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிய கொடுமை. நான் மதினி வீட்டில் தண்ணி வாங்கிக் குடிப்பதை நிறுத்தினேன். ஒரே ஒருத்தரிடம்தான் விஷயத்தைச் சொன்னேன். பத்து நாளில் தெருவுக்கே தெரிந்துவிட்டது. சடங்கு வீட்டுக்கு அவர்களைக் கூப்பிடவில்லை. குழுக் கூட்டத்தில் அவர்கள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. அவர்கள் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் டீக்கடையில் விசாரித்துவிட்டு, வீட்டுக்கு வராமலே திரும்பிப் போனார்கள். நான் கல்லால் அடிக்கவில்லை, ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லை. பேசாமல் இருந்தேன், அவ்வளவுதான். அதுவே அந்தக் குடும்பத்துக்கு அத்தனையும் செய்தது.

கழிப்பு எடுத்த பிறகும் எங்க வீட்டுக்காரருக்கு இருமல் நிற்கவில்லை. அப்போது மதினி தன் மகளை அனுப்பி, என் மகளிடம் சொல்லச் சொன்னார்கள். “மூணு வாரத்துக்கு மேல இருமினா சளி பரிசோதனை பண்ணணும்னு நர்ஸம்மா சொல்லியிருக்காங்க. காசு கிடையாது. கூட்டிட்டுப் போங்க.” போனோம். டி.பி. என்று தெரிந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆறு மாசம் இலவசமாக மாத்திரை கொடுத்தார்கள். எழுந்து உட்கார்ந்தார். இன்றைக்கும் வயலுக்குப் போகிறார்.

என் வீட்டுக்குச் செய்வினை வைத்தார்கள் என்று நான் நம்பின கைதான் என் தாலியைக் காப்பாற்றியது.

குழுக் கூட்டத்தில் எழுந்து நின்று நடந்ததைச் சொன்னேன். மாடு வாங்கவில்லை என்பதையும் சொன்னேன். மதினி அழவில்லை. “உன் புருஷன் பொழச்சான், சந்தோஷம். எம்மகளுக்குத் தப்பிப் போன இடத்தை யார் திருப்பித் தருவா?” என்று கேட்டார்கள். என்னிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை. போன தை மாசம் மதினி தவறிவிட்டார்கள். அவர்கள் மகளிடம் கேட்டு, அவள் சரி என்று சொன்ன பிறகுதான் இங்கே இதைப் பேசுகிறேன்.

அடுத்து அந்த எலுமிச்சம்பழம். இதோ மேஜையில் ஒரு பழமும் கத்தியும் வைத்திருக்கிறேன். பாருங்கள், வெட்டுகிறேன். சிவப்பாக வருகிறதா? மந்திரம் ஒன்றும் சொல்லவில்லை. காலையில் செம்பருத்திப் பூவின் இதழைக் கத்தியில் நன்றாகத் தேய்த்துக் காயவைத்தேன். எலுமிச்சைப் புளிப்பு பட்டதும் அந்தச் சாறு சிவக்கிறது. ஆரத்தித் தண்ணியில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கிறதே, அதுபோலத்தான் இதுவும் பொருளோட குணம். தானாகத் தீப்பிடிக்கும் ஓமகுண்டமும் இப்படித்தான். பொட்டாசியம் பெர்மாங்கனேட் தூளின் மேல் நெய் என்று சொல்லி கிளிசரினை ஊற்றினால் சிறிது நேரத்தில் தானே பற்றிக்கொள்ளும். இதை வீட்டில் செய்து பார்க்காதீர்கள், முகத்தில் அடிக்கும். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினர் ‘மந்திரமா, தந்திரமா’ என்று ஊர் ஊராக இதையெல்லாம் செய்து காட்டியிருக்கிறார்கள்.

“அப்ப மந்திரத்தால ஆளை ஒண்ணும் பண்ண முடியாதா அக்கா?” என்று கேட்பீர்கள். நாடே பார்க்க ஒரு சோதனை நடந்தது. 2008 மார்ச் 3ஆம் தேதி, ஒரு இந்தித் தொலைக்காட்சியில், மூன்று நிமிஷத்தில் மந்திரத்தால் ஆளைக் கொல்வேன் என்று சொன்ன ஒரு தாந்திரீகரிடம் பகுத்தறிவாளர் சனல் எடமருகு, “என்னைக் கொல்லுங்கள்” என்று உட்கார்ந்தார். மந்திரம் சொன்னார், தண்ணி தெளித்தார். நேரம் போனது, நிகழ்ச்சியை நீட்டினார்கள், ராத்திரியில் மறுபடி நடத்தினார்கள். சனல் சிரித்தபடி எழுந்து போனார்.

ஆனால் பயம் ஆளை வாட்டும், அதை ஒப்புக்கொள்கிறேன். எனக்கு வைத்துவிட்டார்கள் என்று ஒருத்தி நம்பிவிட்டால் தூக்கம் போகும், சாப்பாடு இறங்காது, நெஞ்சு படபடக்கும். உடம்பு நிஜமாகவே கெடும். அதனால் பயந்து வருகிறவளை யாரும் கேலி செய்யாதீர்கள். கேலி செய்தால் அவள் நம்மிடம் வர மாட்டாள், தகடு எடுக்கிறவரிடம்தான் போவாள்.

மனசு சரியில்லாதவர்களைச் செய்வினை, பேய் என்று சொல்லி வைத்தியம் பார்க்காமல் விடுவதன் முடிவையும் நாம் பார்த்திருக்கிறோம். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், சங்கிலியில் கட்டி வைத்திருந்த காப்பகத்தில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். ஓட முடியவில்லை, காலில் சங்கிலி. வேண்டுதலுக்குப் போவது வேறு, சங்கிலி போடுவது வேறு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, மனநோயாளி யாரையும் எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக்கூடாது. அரசாங்கத்தின் மனநல உதவி எண் 14416. இலவசம்தான். தமிழிலேயே பேசலாம்.

நம்ம தெருவில் பேச்சோடு நின்றது, வேறு சில மாநிலங்களில் கொலை வரை போகிறது. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் மட்டும் சூனியத்தைக் காரணமாக வைத்து நடந்த கொலைகளில் 85 பேர் இறந்திருக்கிறார்கள். இப்படிக் குறிவைக்கப்படுவதில் பெரும்பாலும் பெண்கள்தான். அதிலும் விதவைகள், நிலத்தில் பங்கு உள்ளவர்கள், கேட்க நாதியில்லாதவர்கள்.

அஸ்ஸாம் மாநிலத்தில் பிருபாலா ராபா என்று ஒரு அம்மா இருந்தார். அவர் மகனுக்கு உடம்பு சரியில்லாதபோது, மூன்று நாளில் செத்துப் போவான் என்று குறி சொல்லிவிட்டார்கள். மகன் சாகவில்லை. அன்றிலிருந்து அந்த அம்மா, சூனியக்காரி என்று முத்திரை குத்தப்பட்ட பெண்களைக் காப்பாற்றப் புறப்பட்டார். அவர் போராட்டத்துக்குப் பிறகு அஸ்ஸாம் சட்டமன்றம் 2015இல் தனிச் சட்டம் நிறைவேற்றியது. 2021இல் பத்மஸ்ரீ விருது கொடுத்தார்கள். 2024 மே மாசம் காலமானார். ஜார்க்கண்டில் ‘கரிமா’ என்ற திட்டத்தில், நம்மைப் போன்ற மகளிர் குழுக்களே இப்படி ஒதுக்கப்பட்ட பெண்களைக் கண்டுபிடித்து, கூட்டத்தில் சேர்த்து, தொழில் செய்யத் துணையாக நின்றிருக்கின்றன. குழுவால் முடியும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

சாபம் விடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆனைமலை மாசாணியம்மன் கோயிலில் நீதிக்கல்லில் மிளகாய் அரைத்துப் பூசுகிறார்கள். வேறு கோயில்களில் காசு வெட்டிப் போடுகிறார்கள். தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றுகிறோம். யார் இதைச் செய்கிறார்கள்? நகை பறிகொடுத்தவள், சொத்தில் ஏமாற்றப்பட்டவள், புருஷன் கைவிட்டவள். கேட்க ஆள் இல்லை என்ற வயிற்றெரிச்சல்தான் அது. அந்த எரிச்சல் நியாயமானது. அம்மனிடம் சொல்லுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லிவிட்டு இலவச சட்ட உதவி மையத்துக்கும் வாருங்கள். 1987ஆம் ஆண்டின் சட்டப்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்ணுக்கு இலவச வக்கீல் உண்டு. எண் 15100.

இப்போது தகடு எடுக்கிறவர் நம்ம வீட்டுக்கு வரவே வேண்டியதில்லை. செல்போனில் வருகிறார். “போட்டோ அனுப்புங்க, இங்கிருந்தே கட்டை அவிழ்க்கிறோம்” என்கிறார்கள். முதலில் 501 ரூபாய். அப்புறம் பூஜைச் சாமானுக்கு 5,000. நிறுத்தினால், “பாதியில விட்டா பிள்ளைக்கு ஆகாது” என்று மிரட்டல். இப்படிப் பணம் போனால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது.

சட்டத்தில் இதற்கெல்லாம் பிடி இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. அதில் 318ஆவது பிரிவு ஏமாற்றுவதைப் பற்றியது. ஏமாற்றிப் பணம் பறித்தால் 7 வருஷம் வரை சிறை. 354ஆவது பிரிவை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொன்னதைச் செய்யாவிட்டால் தெய்வக் குற்றத்துக்கு ஆளாவாய் என்று நம்பவைத்து ஒருவரை ஒரு காரியம் செய்ய வைத்தால், ஒரு வருஷம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ உண்டு. மந்திரத்தாலும் தாயத்தாலும் நோய் தீரும் என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் ஒரு மத்திய சட்டமே தடை செய்திருக்கிறது. எழுதிக் கொடுத்த சீட்டு, பணம் அனுப்பிய ரசீது, போனில் வந்த செய்தி எதையும் அழிக்காதீர்கள்.

கடைசியாக, எங்க குழு அன்றைக்குத் தீர்மானப் புத்தகத்தில் எழுதியதை உங்களுக்கும் சொல்கிறேன். உங்களுக்குச் சரி என்று பட்டால் இன்றைக்கே தீர்மானமாகப் போடலாம்.

ஒன்று. உடம்புக்கு முடியவில்லை என்று கடன் கேட்டால் அன்றே கடன் கொடுப்போம். கூடவே ஒரு உறுப்பினர் ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போவார். துணைக்கு ஆள் இல்லாததால்தான் பாதிப் பேர் வேறு இடத்துக்குப் போகிறார்கள்.

இரண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், தீராத காய்ச்சல், உடம்பு இளைப்பு, தூக்கமில்லாமை எதுவானாலும் முதலில் பரிசோதனை. மற்றதெல்லாம் அப்புறம்.

மூன்று. எந்தப் பெண்ணின் மேலும் செய்வினைப் பழி சொல்லி யாராவது பேசினால், கேட்டுக்கொண்டு சும்மா இருக்க மாட்டோம். அடுத்த கூட்டத்தில் அந்தப் பெண்ணை நம் பக்கத்தில் உட்கார வைப்போம்.

நான்கு. ஏமாந்து பணம் கொடுத்துவிட்டு வந்து சொல்கிறவளைத் திட்ட மாட்டோம். பணத்தைத் திரும்ப வாங்கவும், கடனை அடைக்கவும் தவணை கொடுத்து உதவுவோம். எனக்கு எங்க குழு 20 மாசத் தவணை கொடுத்தது. அதில் கையெழுத்துப் போட்டவர்களில் மதினியும் ஒருவர்.

அந்தத் தகடு இன்னும் என்னிடம் இருக்கிறது. இதோ. இருபது வருஷத்துக்கு மேல் வீட்டுக்குள், டிரங்குப் பெட்டியில், மண்ணும் ஈரமும் படாமல்தான் இருந்தது. எப்படிக் கறுத்துப் போயிருக்கிறது பாருங்கள். முன் வரிசையில் இருந்து ஒவ்வொருவராகக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, பின்னால் கொடுங்கள்.